பிள்ளையைப் பார்க்க வெளிநாடு போன அப்பா, அம்மா... ஃபிளைட் கேன்சல் ஆனா முதல் நாளில் என்ன செய்யணும்?

நெய்வேலி டவுன்ஷிப்பிலோ, பக்கத்தில் இந்திரா நகரிலோ பூட்டிக்கிடக்கும் வீட்டைப் பற்றி விசாரித்தால், அடிக்கடி கிடைக்கும் பதில் இது: "பொண்ணைப் பார்க்க அமெரிக்கா போயிருக்காங்க, பொங்கலுக்கு வந்துடுவாங்க."

என்.எல்.சி-யில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெற்றோர், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள். இங்கே பல வீடுகளில் கதை இதுதான். ஆனால், 'பொங்கலுக்கு' என்று போட்ட கணக்கு சில நேரம் தப்பிவிடும். சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சென்னை ஏர்போர்ட்டுக்கு கார் சொல்லிவைத்த பிறகு, "ஃபிளைட் கேன்சல்" என்று மெசேஜ் வரும்.

கூடுதலாகக் கிடைத்த நாள்களை நிம்மதியாக அனுபவிக்க முடியுமா? முடியும். ஆனால், அது முதல் 24 மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இது அடிக்கடி நடக்குமா?

நாம் நினைப்பதைவிட அதிகமாகவே. 2020 மார்ச் 23 முதல் இந்தியாவுக்கான வழக்கமான சர்வதேச விமானங்கள் நிறுத்தப்பட்டன. அவை முழுமையாகத் திரும்பியது 2022 மார்ச் 27-ல்தான். இடையில், சிக்கியவர்களை அழைத்துவர 'வந்தே பாரத்' திட்டம் 2020 மே 7-ல் தொடங்கியது. சில வாரம் தங்கப் போனவர்கள் பல மாதம் தங்க வேண்டியதாயிற்று.

2025 ஜூன் 23 அன்று, ஈரானின் ஏவுகணைத் தாக்குதலையொட்டி கத்தார் தன் வான்வெளியை மூடியது. மூடியிருந்தது சில மணி நேரம்தான். ஆனால், தோஹாவில் விமானம் மாறும் பயணிகளின் திட்டமெல்லாம் குலைந்துபோனது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பாவில் சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாகின.

போர், நோய், சாம்பல், புயல் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். நம் கையில் இருப்பது அதன்பிறகு செய்யும் வேலை மட்டும்தான்.

முதலில் பார்க்க வேண்டியது எந்தத் தேதி?

டிக்கெட் தேதி இல்லை, தங்க அனுமதித்த தேதி. பலர் சறுக்குவது இங்கேதான்.

அமெரிக்க டூரிஸ்ட் விசா 10 ஆண்டுக்குக் கிடைக்கலாம். அதற்காக 10 ஆண்டு தங்கலாம் என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் 'ஐ-94' என்ற பதிவில் ஒரு தேதி கொடுப்பார்கள், வழக்கமாக ஆறு மாதம். அந்தத் தேதியைத் தாண்டித் தங்கினால், பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவே செல்லாததாகிவிடும். 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கிவிட்டுக் கிளம்பினால், மூன்று ஆண்டு மறுபடி நுழையத் தடை வரலாம். அதாவது, பேரனின் அடுத்த பிறந்தநாளை வீடியோ காலில் மட்டுமே பார்க்க வேண்டியிருக்கும்.

அதனால், ஐ-94 தேதி நெருங்கும்போது ஃபிளைட் ரத்தானால், அந்தத் தேதி முடிவதற்குள் 'ஐ-539' படிவத்தில் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஃபிளைட் ரத்தான ஆதாரத்தையும் சேர்க்க வேண்டும்.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில், நம் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் கிளம்ப முடியவில்லை என்று நிரூபித்தால் விசாவைக் கட்டணமில்லாமல் நீட்டிக்க விதி இருக்கிறது. அதையும் நாமேதான் போய்க் கேட்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹாம் அபராதம்.

ஹோட்டல் செலவு யாருடையது?

ஏர்லைன் ஆப்பில் ரெண்டு பட்டன் வரும்: 'ரீஃபண்ட்', 'வேறு ஃபிளைட்'. கோபத்தில் ரீஃபண்டை அமுக்கிடாதீங்க. ஐரோப்பிய விதிகளின்படி, பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் ஹோட்டல், சாப்பாடு தரும் பொறுப்பு ஏர்லைனுக்கு அத்தோடு முடிந்துவிடும். மாற்று ஃபிளைட் கேட்டால், அது கிளம்பும்வரை கவனிப்பது அவர்கள் கடமை.

எரிமலை மாதிரி இயற்கைக் காரணமாக இருந்தாலுமா? ஆமாம். 2010 எரிமலை நேரத்தில் சிக்கிய ஒரு பயணி தொடர்ந்த வழக்கில், 2013 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. நஷ்டஈடு கிடைக்காது, ஆனால், தங்குமிடமும் சாப்பாடும் தர வேண்டும். ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எல்லா ஏர்லைன்களுக்கும் இது பொருந்தும். மற்ற நாடுகளில் விதி வேறு. எங்கே இருந்தாலும், ரத்தானதை எழுத்தில் வாங்குங்கள், பில்களை போட்டோ எடுத்து வையுங்கள். இன்ஷூரன்ஸ் க்ளெய்முக்கும் அதுதான் கேட்பார்கள்.

நடுவழியில் மாட்டிக்கொண்டால்?

இது வேறு வகைச் சிக்கல். 2023 ஜூன் 6 அன்று டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ கிளம்பிய ஏர் இந்தியா விமானம், இன்ஜின் கோளாறால் ரஷ்யாவின் மகதானில் இறங்கியது. 216 பயணிகள் தற்காலிகத் தங்குமிடங்களில் இருந்தார்கள். மாற்று விமானம் அவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது 8-ம் தேதி. 2025 ஏப்ரலில் லண்டன் - மும்பை விமானம் ஒன்று துருக்கியின் தியார்பக்கிரில் இறங்கி, பயணிகள் 40 மணி நேரத்துக்கும் மேல் தவித்தார்கள்.

இந்த மாதிரி இடத்தில் விசா இல்லாமல் ஊர் சுற்றிப் பார்ப்பது கஷ்டம். அதனால் மாத்திரை, சார்ஜர், ஒரு செட் துணி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பெரிய சூட்கேஸ் உங்கள் கைக்கு வராமலே போகலாம்.

மாத்திரை, இன்ஷூரன்ஸ், பென்ஷன்

சுகர், பிரஷர் மாத்திரைகளைப் பயண நாள்களுக்கு மேல் ஒரு மாதத்துக்குக் கூடுதலாக எடுத்துப் போவது நல்லது. சீட்டில் பிராண்ட் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். நம்ம ஊர் பிராண்ட் அங்கே கிடைக்காது. டிராவல் இன்ஷூரன்ஸை, அது முடிவதற்குள் நீட்டிக்க வேண்டும். போரால் வரும் இழப்பைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை, படித்துப் பாருங்கள்.

பெற்றோர் இ.பி.எஸ்-95 பென்ஷன் வாங்குபவர்களா? உயிர்வாழ் சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். கிளம்பும் முன்பே புதிதாகக் கொடுத்துவிட்டால், ஊர் திரும்பத் தாமதமானாலும் பென்ஷன் நிற்காது.

கையில் பணமே இல்லை என்ற நிலை வந்தால், இந்தியத் தூதரகத்தை அணுகலாம். வெளிநாட்டில் தவிப்பவர்களுக்கு உதவ, இந்தியச் சமூக நல நிதி அங்கே இருக்கிறது.

சரி, மிச்ச நாளை என்ன பண்றது?

இதெல்லாம் முடிந்துவிட்டால், இனி அது விடுமுறைதான். "எப்போ கிளம்புவோம்" என்று தினமும் ஆப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் வீட்டில் எல்லோருக்கும் சலிப்புதான் மிஞ்சும். அமெரிக்காவில் பொது நூலகத்துக்குள் போய்ப் படிக்கக் காசு வேண்டாம். பல நகரங்களில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடக்கிறது. பேரப்பிள்ளையோடு தாத்தா, பாட்டியும் போய் வரலாம். நேரம் இல்லை என்று தள்ளிப்போட்ட குடும்பக் கதைகளை போனில் பதிவு செய்யலாம். 1956-ல் தொடங்கிய என்.எல்.சி-யின் தொடக்க காலத்தைத் தன் பெற்றோர் வழியே அறிந்தவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

சிக்கியது நீங்களே என்றால், லேப்டாப்பைத் திறக்கும் முன் ஹெச்.ஆரிடம் கேளுங்கள். "எங்கிருந்து வேலை பார்த்தால் என்ன" என்று தோன்றும். ஆனால், பல நாடுகளில் டூரிஸ்ட் விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை.

இன்றே செய்யக்கூடியது ஒன்று. பெற்றோர் வெளிநாட்டில் இருந்தால், மூன்று தேதிகளை ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் பின் செய்து வையுங்கள்: தங்க அனுமதி முடியும் நாள், இன்ஷூரன்ஸ் முடியும் நாள், மாத்திரை தீரும் நாள். ஃபிளைட் ரத்தாகும் அன்று தேட வேண்டியிருக்காது.