அண்ணன் இல்லீங்களா?

பரமத்தி வேலூரில் மெடிக்கல் வைத்திருக்கும் பெண்ணுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. காய்ச்சலுக்கும் சளிக்கும் என்னிடம் உரிமையோடு மாத்திரை கேட்கும் ஆண்கள், வேறு சமாச்சாரம் என்றால் கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, அண்ணன் இல்லீங்களா?" என்பார்கள். இல்லை என்றால் எதிர்க்கடை வாசலில் நின்று பேப்பரைப் புரட்டுவார்கள். என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தியதும் பேப்பர் மடிந்துவிடும். மருந்தாளுநர் படிப்பைப் படித்தது நான். அவர் படித்தது வணிகவியல். ஆனாலும் ஆசை சம்பந்தப்பட்ட ஆலோசனை எல்லாம் அவரிடம்தான். அவர் கேட்டுக்கொண்டு உள்ளே வந்து என்னிடம் கேட்பார். நான் சொல்வதை வெளியே போய்ச் சொல்வார்.

பாதிப் பேச்சு சூட்டில் ஆரம்பிக்கும். "உடம்பு ரொம்பச் சூடாயிருச்சுங்ணா." பெரும்பாலும் லாரி ஓட்டுகிறவர்கள். எங்கள் நாமக்கல் மாவட்டத்துக்கு முட்டையும் லாரியும்தான் அடையாளம். வடக்கே லோடு ஏற்றிப் போனால் வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகும். பழைய வண்டிகளில் இஞ்சின் கேபினுக்குள்ளேயே, ஓட்டுநரின் இடது காலுக்குப் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். அந்தச் சூடு உடம்பில் ஏறுகிறது, ஏறியதை இறக்கியாக வேண்டும், இறக்காவிட்டால் வியாதி வரும் என்பது ஓட்டுநர்களிடையே நெடுங்காலமாக இருக்கும் நம்பிக்கை. இறக்குவதற்கு மோர், இளநீர், எண்ணெய்க் குளியல் எல்லாம் உண்டு. நெடுஞ்சாலை ஓரத்தில் வேறொரு வழியும் இருந்தது.

அந்த வழிக்கு இந்த மாவட்டம் கொடுத்த விலை பெரியது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தமிழகத்தில் தொற்று மிகுந்த மாவட்டங்களில் ஒன்றாக நாமக்கல் பேர் வாங்கிவிட்டது. லாரிப் பட்டறையிலும் டீக்கடையிலும் ஆணுறை வைத்தார்கள். "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று சுவரெல்லாம் கேட்டார்கள். அந்த எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பிரசாரத்தை இப்போது பலர் கிண்டலாக நினைவுகூர்கிறார்கள். நான் கிண்டல் செய்ய மாட்டேன், அது உயிர்களைக் காப்பாற்றிய வேலை. ஆனால் 'சூடு' என்ற கணக்கை அது தொடவில்லை. எப்படிப் பாதுகாப்பாக இறக்குவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். இறக்கியே ஆக வேண்டிய ஒன்று உள்ளே சேர்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

சேரவில்லை. இஞ்சின் சூட்டில் ஓரளவு உண்மை இருக்கிறதுதான். விரைகள் உடம்பின் வெப்பத்தைவிட இரண்டு டிகிரியாவது குறைவாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உற்பத்தியாகும். மணிக்கணக்கில் சூட்டில் உட்கார்ந்திருப்பது அதற்கு நல்லதல்ல. அது குழந்தைப் பேறு சம்பந்தப்பட்டது, ஆசைக்கும் அதற்கும் தொடர்பில்லை. வெளியேறாத விந்தணுவை உடம்பே கரைத்து எடுத்துக்கொள்ளும், அல்லது தூக்கத்தில் போய்விடும். அடக்கியதால் நோயாளி ஆனவர் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், இதே ஊரில், அதே டீக்கடையில், இதற்கு நேர்மாறான நம்பிக்கையும் உட்கார்ந்திருக்கிறது. ஓட்டுநருக்கு வெளியேறாவிட்டால் வியாதி. கல்லூரி போகும் அவர் மகனுக்கு வெளியேறினால் வியாதி. கைப்பழக்கம், தாது நஷ்டம், நரம்புத் தளர்ச்சி, கன்னம் ஒட்டிப்போனது, ஞாபக மறதி என்று அவன் பட்டியலே வைத்திருக்கிறான். ஒரு சொட்டு விந்துக்கு இத்தனை சொட்டு ரத்தம் என்று யாரோ சொன்ன கணக்கு அவன் தூக்கத்தைக் கெடுக்கிறது. இந்தப் பயத்தை 1960இல் என்.என்.விக் என்ற மனநல மருத்துவர் 'தாது' என்ற பெயரிலேயே ஒரு நோய்க்குறியாக எழுதிவைத்தார். இந்தியத் துணைக்கண்டத்து இளைஞர்களிடம் அதிகம் காணப்படுவது இது. சோர்வு உண்மை, பதற்றம் உண்மை. காரணம் மட்டும்தான் பொய்.

அந்தப் பொய்யை வைத்துப் பிழைக்கும் போலி வைத்தியர்கள் மாதம் ஒருநாள் லாட்ஜில் ரூம் போட்டு உட்காருகிறார்கள். ஆண்மையைப் பெருக்குவதாக விளம்பரம் செய்வதே குற்றம் என்று 1954இலேயே மத்திய அரசு சட்டம் போட்டுவிட்டது. பஸ் ஸ்டாண்ட் சுவருக்கு அந்தச் சட்டம் இன்னும் வந்து சேரவில்லை.

நாற்பதைத் தாண்டியவர்கள் வேறு ரகம். அவர்கள் நேராக மாத்திரையின் பெயரைச் சொல்வார்கள், அதுவும் பாதிதான் சொல்வார்கள். சில்டெனாஃபில் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது 1998இல். சில ஆண்டுகளிலேயே நம் நாட்டு நிறுவனங்களும் தயாரிக்க ஆரம்பித்துவிட்டன. இப்போது ஒரு மாத்திரையின் விலை ஒரு டீ, வடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து, நாங்கள் கொடுப்பதில்லை. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுக்கிறவர் இதைப் போட்டால் ரத்த அழுத்தம் ஒரேயடியாக விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதைவிட முக்கியமான ஒன்றை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை: அந்த மாத்திரை ஆசையைக் கொண்டுவராது. ஆசை வந்தபின் ரத்தம் பாய உதவும், அவ்வளவுதான். மனம் வேறு, உறுப்பு வேறு. ஆசை இருந்து உறுப்பு ஒத்துழைக்காதவருக்குச் சுகரும் பிரஷரும் கொழுப்பும் பார்க்க வேண்டும். இருதய ரத்தக்குழாய் அடைப்பு சில ஆண்டுகள் முன்பே இங்கே முதலில் தலைகாட்டலாம். உறுப்பு சரியாக இருந்து ஆசை வராதவருக்கு இந்த மாத்திரையால் ஒரு பயனும் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு காசு செலவழித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆசைக்கென்று முருங்கைக்காய் வாங்குகிறவர்களை இதில் சேர்க்கவில்லை. 1983இல் 'முந்தானை முடிச்சு' படம் வந்ததிலிருந்து அந்தக் காய் சுமக்கும் பாரம் அதிகம். சாம்பாரில் போட்டுச் சாப்பிடுவதில் தப்பில்லை.

பெண்கள் இதற்காகக் கடைக்கு வருவதே இல்லை. சத்து மாத்திரைக்கு வருவார்கள், இடுப்பு வலிக்கு வருவார்கள். பேச்சு நீளும்போது, கூட்டம் இல்லாத மத்தியானத்தில், "எனக்கு அதெல்லாம் எப்பவோ போச்சு அம்மிணி" என்று ஒருவர் சொல்வார், குறையாகவும் இல்லாமல், நிம்மதியாகவும் இல்லாமல். எப்போது போச்சு என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். சிலருக்குக் குழந்தைக்குப் பால் கொடுத்த காலத்தில்: அப்போது புரோலாக்டின் ஏறி ஈஸ்ட்ரோஜன் இறங்கும், ஆசை குறைவது இயற்கை. சிலருக்குத் தைராய்டு குறைந்தபோது. சிலருக்கு மாதவிடாய் நின்றபின் வறட்சியால் வலி வந்து, வலியால் பயம் வந்து. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனால் போச்சு என்பார்கள் சிலர். கருக்குழாயைக் கட்டுவதால் சினைப்பைகளின் ஹார்மோன் நிற்பதில்லை. அந்த ஆபரேஷனைத் தான் செய்துகொள்ள மாட்டேன் என்ற வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். விந்துக்குழாயை வெட்டினால் வலு போய்விடும் என்று பயந்து மனைவியை அனுப்பி வைத்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்!

கொடிக்காலில் விடியலில் வெற்றிலை கிள்ளப் போகிறவள், கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள், ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி முடிக்கிறாள். பக்கத்து அறையில் மாமியார், நடு அறையில் வளர்ந்த பிள்ளைகள். அவளிடம் போய் ஆசை தானாக வரவில்லையா என்று கேட்டால் என்ன சொல்வாள்? கனடா நாட்டு மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000இல் இதை எழுதினார்: நெடுநாள் தாம்பத்யத்தில் பல பெண்களுக்கு ஆசை முதலில் வருவதில்லை, பேச்சு, நெருக்கம், பரிவு என்று ஆரம்பித்து அதற்குப் பின்னால் வரும். அது குறைபாடு அல்ல. ஆண்கள் இதை "ஆரம்பிச்சா தானா வந்துரும்" என்று தங்கள் வசதிக்குத் திரித்துக்கொள்ளக் கூடாது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

சரி, நம் ஆசை எவ்வளவு என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? வாரத்துக்கு எத்தனை என்ற எண்ணிக்கையை விட்டுவிடலாம். ஆல்ஃப்ரட் கின்ஸி 1948இலும் 1953இலும் ஆயிரக்கணக்கான அமெரிக்க ஆண் பெண்களிடம் கேட்டுப் புத்தகம் போட்டார். அதில் தெரிந்தது ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பதுதான். பட்டறையில் நண்பன் சொல்லும் எண்ணிக்கையில் பாதி பொய், மீதி அவனுடைய உடம்பு. ஒப்பிட வேண்டியது நம்முடைய போன வருஷத்தோடு.

இதற்கென்று உளவியலாளர்கள் 1996இல் ஒரு வினாப்பட்டியல் செய்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது, தனிமையில் வரும் ஆசையையும் துணையின் மேல் வரும் ஆசையையும் தனித்தனியாகக் கேட்பது. தனியாக இருக்கும்போது வருகிறது, கட்டியவரிடம் மட்டும் வரவில்லை என்றால் ஹார்மோன் பரிசோதனைக்குப் பணம் கட்ட அவசரப்பட வேண்டாம். வீட்டில் தீராத சண்டை எதுவென்று முதலில் பார்க்கலாம். எங்குமே வரவில்லை, முன்பு வந்தது என்றால்தான் உடம்பையும் மருந்தையும் மனச்சோர்வையும் சந்தேகிக்க வேண்டும்.

கின்ஸி பெயரில் உள்ள ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பான்கிராஃப்டும் யான்சனும் சொன்ன விளக்கம் லாரி ஊருக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு ஆக்சிலேட்டரும் ஒரு பிரேக்கும் இருக்கின்றன, இரண்டும் தனித்தனி. வண்டி நகரவில்லை என்றால் நாம் எல்லோரும் ஆக்சிலேட்டரைத்தான் மிதிக்கிறோம்: லேகியம், மாத்திரை, செல்போனில் படம். பிரேக் மேல் இருக்கும் கால் கண்ணில் படுவதில்லை. அந்தக் கால் எது என்று பார்க்க ஒரு நோட்டுப் போதும். தேதி, தூங்கிய நேரம், குடித்த நாள், சண்டை, மாதவிடாய், புதிதாக ஆரம்பித்த மாத்திரை, அன்றைக்கு ஆசை இருந்ததா இல்லையா, இருந்ததால் வேலை கெட்டதா, இல்லாததால் வீட்டில் எரிந்து விழுந்தோமா. நானும் எழுதிப் பார்த்தேன். மருந்து ஸ்டாக்கிஸ்ட்டுக்குப் பணம் கட்ட வேண்டிய வாரத்தில் அந்தப் பக்கம் முழுக்கக் காலி. வெட்கம் இல்லாமல் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் நோட்டு எழுதவில்லை, எழுதினால் அவருக்கும் அதே வாரம்தான் காலியாக இருக்கும் என்றார்.

இரவு வண்டி ஓட்டுகிறவர்கள் தூக்கத்தை முதலில் பார்க்க வேண்டும். சிகாகோவில் 2011இல் வெளியான ஆய்வு ஒன்றில், பத்து இளைஞர்களை ஒரு வாரம் தினமும் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்துவிட்டது. சின்ன ஆய்வுதான். ஆனால் அதைவிடக் குறைவாகத் தூங்கி ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் லேகியம் தேடி வருவதைப் பார்க்கும்போது எனக்கு அந்த எண்தான் ஞாபகம் வரும். மாத்திரைகளில் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்சிடலோபிராம், பராக்ஸிடின் போன்றவை ஆசையைக் குறைக்கலாம். அட்டெனலால் மாதிரியான பிரஷர் மாத்திரைகளும் சிலருக்கு அப்படி. மறுபுறம், நடுக்கவாதத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகள் ஆசையைக் கட்டுக்கடங்காமல் ஏற்றிவிடுவதும் உண்டு. திடீரென்று தூக்கமே வேண்டாம் என்கிற உற்சாகம், கண்டபடி செலவு, அளவு மீறிய ஆசை மூன்றும் சேர்ந்து வந்தால் மனநல மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். அதைக் குணக்கேடு என்று குடும்பத்தில் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

குணத்தோடு முடிச்சுப் போடுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய சேதம். அவருக்கு ஆசை குறைந்தால் வெளியே யாரோ இருக்கிறாள். அவளுக்கு ஆசை கூடினால் அவள் சரியில்லை. சுகர் 300இல் இருக்கும் மனிதர்மேல் சந்தேகப்பட்டு ஒரு வருஷம் பேசாமல் இருந்த தம்பதியை எனக்குத் தெரியும். இதைப் பேசப் பள்ளிக்கூடமும் கற்றுத் தரவில்லை. வள்ளுவர் காமத்துப்பாலுக்கு 25 அதிகாரம் ஒதுக்கினார். 2016இல் குறளைப் பள்ளியில் கற்றுக்கொடுக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோதும் அறமும் பொருளும்தான் வகுப்புக்குள் வந்தன.

'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் 2021இலிருந்து வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவரும் பெண்ணிடம் இதைக் கேட்கத் தோன்றாது, சரி. டாக்டரிடம் கேட்கலாம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். எங்கள் கடையில் கேட்பவர்களுக்கு நாங்கள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம், டாக்டர் மேசையில் வைத்தால் போதும்: "ஆறு மாதமாக ஆசை இல்லை. முன்பு இருந்தது. எனக்கு இது கஷ்டமாக இருக்கிறது. இந்த மாத்திரைகள் சாப்பிடுகிறேன்." கடைசி வரிக்குக் கீழே பெயர்களை நான் எழுதுவேன். எந்த மாத்திரையையும் தாங்களாக நிறுத்த வேண்டாம் என்றும் சேர்த்துவிடுவேன். டெஸ்டோஸ்டிரோன் பார்க்கச் சொன்னால் காலை 11 மணிக்குள் ரத்தம் கொடுக்க வேண்டும், மத்தியானம் கொடுத்தால் குறைவாகத்தான் காட்டும். ஒரு தடவை குறைந்திருந்தால் இன்னொரு காலையும் பார்க்க வேண்டும். நாமக்கல்லில் 2022இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பரமத்தி வேலூரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். சீட்டு வாங்க அண்ணன் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, எழுதுவது நான்தான்.