ஓயாமல் ஓடும் ஃபிரிட்ஜ்

ஃபிரிட்ஜ் என்றால் 'உர்ர்' என்று ஓடும், கொஞ்ச நேரம் கழித்து ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கும், மறுபடி ஓடும். அப்படி நின்று நின்று ஓடுவதுதான் அதற்கு ஆரோக்கியம். ஆனால் நம்மில் எத்தனை பேர் அதைக் காது கொடுத்துக் கேட்கிறோம், சொல்லுங்கள்? மிக்ஸியும் டி.வி.யும் போடுகிற சத்தத்தில், மூலையில் நிற்கிற பெட்டியின் முனகல் யார் காதில் விழும்! கரண்ட் பில் வந்த பிறகு, "விளக்கை அணை, விசிறியை அணை" என்று குழந்தைகளைத்தான் அதட்டுகிறோம்.

எங்கள் வீட்டில் இருப்பது 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். பதினோரு வருஷப் பழசு. போன கோடையில் ராத்திரி 2 மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால் ஓடுகிறது, விடிகாலையில் பால் பாக்கெட் எடுத்து வரும்போதும் ஓடுகிறது. இரண்டே நாளில் கீழே காய்கறிப் பெட்டியில் இருந்த தக்காளி கல்லாகிவிட்டது. கீரை கண்ணாடி மாதிரி விறைத்து, வெளியே எடுத்ததும் துவண்டு போயிற்று.

காய்கறி போனால் போகட்டும். மாமியாரின் இன்சுலின் அதில்தான் இருக்கிறது. நடுத்தட்டில் இருந்த புதுக் குப்பியை எடுத்துப் பார்த்தால் உள்ளே பனித்துகள்! பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. ஒரு தடவை உறைந்துவிட்டால், அப்புறம் உருகிப் பழையபடி தெரிந்தாலும் அதன் சக்தியை நம்ப முடியாது. மனசு கேட்காமல்தான் தூக்கிப் போட்டோம். டாக்டரைக் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு குப்பி மட்டும் புதிதாக வாங்கி, ஈரத்துணி சுற்றிய மண்சட்டிக்குள் ஒரு டப்பாவில் போட்டு வைத்தோம். துணி நனையலாம், மருந்து நனையக் கூடாது.

மெக்கானிக் வந்தார். காதை வைத்துக் கேட்டார். "கேஸ் இறங்கிடுச்சும்மா, ஏத்தணும், மூவாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார்.

"ஏம்ப்பா, கேஸ் குறைஞ்சா குளிர் இல்ல குறையணும்? இங்கே தக்காளி கல்லாக் கிடக்குதே!" என்றேன்.

தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப கம்ப்ரஸரா இருக்கும்" என்றார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நிற்காமல் ஓடுகிற ஃபிரிட்ஜிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: உள்ளே குளிர் ரொம்ப அதிகமா, இல்லை போதவில்லையா? ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை (காய்ச்சல் பார்ப்பது அல்ல, ஃபிரிட்ஜுக்கென்றே கடையில் கிடைக்கும்) போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் 2-லிருந்து 5 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால், குளிர் போதும் என்று சொல்லி நிறுத்துகிற ஆள் தூங்குகிறான் என்று அர்த்தம். அந்த ஆள்தான் தெர்மோஸ்டாட். 1, 2, 3 என்று எண் போட்ட திருகுக்குப் பின்னால் இருக்கிறான். அவனிடமிருந்து ஒரு மெல்லிய குழாய் போய் ஐஸ் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும். குளிரை அவனுக்குத் தெரிவிப்பது அதுதான்.

இரண்டாவதாக வந்த பெரியவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினார். குழாயைப் பிடித்திருந்த கிளிப் உடைந்து, அது காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டியைத் தொடவே இல்லை! அப்புறம் குளிர் எப்படித் தெரியும்? புது கிளிப் போட்டு மாட்டினார். கூலியோடு 300 ரூபாய். மாட்டிய ஒன்றரை மணி நேரத்தில் ஃபிரிட்ஜ் தானாக நின்றது. கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமியார், "கரண்ட் போயிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

குளிர் போதாமல் ஓடுவது வேறு கதை. திருச்சியில் என் தம்பி வீட்டில் அப்படித்தான். பால் மறுநாளே திரிகிறது, மோட்டாரோ நிற்பதில்லை. அங்கே முதலில் பார்க்க வேண்டியது கதவு ரப்பர். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவு இடுக்கில் வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். பிடித்துக்கொண்டு வர வேண்டும். வழவழவென்று வந்துவிட்டால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. நாலு பக்கமும் பாருங்கள், முக்கியமாகக் கீல் பக்கம். சில சமயம் பிசுக்குதான் காரணம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே சரியாகிவிடும். ரப்பர் வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

தம்பி மனைவியின் ஃபிரிட்ஜில் ரப்பர் நன்றாகவே இருந்தது. பக்கச் சுவரைத் தொட்டால்தான் கை சுட்டது. பழைய ஃபிரிட்ஜ்களில் முதுகில் கறுப்புக் கம்பி வலை தெரியும். உள்ளிருந்து உறிஞ்சிய சூட்டை வெளியே விடுவது அதுதான். பல புது மாடல்களில் அதைப் பக்கச் சுவருக்குள் ஒளித்துவிட்டார்கள். அவளோ ஃபிரிட்ஜுக்கு ஆசையாகத் தைத்த உறை போட்டு, இரண்டு பக்கமும் பை தொங்கவிட்டு, அதில் கரண்டியும் பில்லும் சொருகி, ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டியும் வைத்திருந்தாள். கம்பளி போர்த்தியவனை வெயிலில் நிறுத்தின மாதிரி! நாலு விரற்கடை இடம் விட்டு நகர்த்தினோம். உறையையும் எடுத்தோம்.

ஐஸ் கால் அங்குலம் ஏறினாலும் மோட்டாருக்கு வேலை அதிகம். உருகவிட்டு எடுங்கள், கத்தியால் குத்தாதீர்கள். பின்பக்கத் தகட்டில் 'ஆர்-600ஏ' என்று இருந்தால் உள்ளே இருப்பது தீப்பற்றும் வாயு. ஓட்டை விழுந்தால் ஆபத்து. இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் மட்டும் பயப்பட வேண்டாம், அது மெல்ல நெடுநேரம் ஓடுவதுதான் வழக்கம்.

எவ்வளவு கரண்ட் வீணாகிறது என்று பார்க்க எவர் தயவும் வேண்டாம். மீட்டரில் சிவப்பு விளக்கு மின்னுகிறதே, ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அதன் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு ஃபிரிட்ஜ் மட்டும் ஓடும்போது எண்ணினேன். பத்து நிமிஷத்தில் 64. அதாவது மணிக்கு 384, கணக்குப் போட்டால் 120 வாட். இரவும் பகலும் நிற்காமல் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 173 யூனிட். பாதி நேரம் ஓய்வெடுத்தால் 86. யூனிட் ஏற ஏறக் கட்டணப் படியும் ஏறுவதால், நஷ்டம் பாதியோடு நிற்பதில்லை.

திருச்சியில் கழற்றின உறையைத் தூக்கிப் போட அவளுக்கு மனசு வரவில்லை. பூ வேலை செய்ததாயிற்றே! இப்போது தையல் மெஷின் மேல் கிடக்கிறது.