ஒட்டகம் போன வழி

"ஒடிங்க... இன்னும் நல்லா ஒடிங்க... ஐயோ, அந்தப் பக்கம் இல்லீங்க!"

டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்து ஒரு சைட்டுக்குள் நிறுத்துவதைப்போல் கல்யாண வாழ்க்கையைச் சோதிக்கும் காரியம் வேறில்லை. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் வலப்பக்கம் போகும். வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம். மனைவி வாலைப் பார்த்துச் சொல்கிறாள். நான் ஸ்டீயரிங்கைப் பார்த்துக் கேட்கிறேன். இருவர் கணக்கும் சரிதான், வண்டி மட்டும் மரத்தைப் பார்த்துப் போகிறது. சுற்றிலும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அன்றைக்கு மாலைக்காட்சி இலவசம்.

இது நடந்தது டெக்சாஸின் கார்னர் ஸ்டேட் பார்க்கில். நாங்கள் இருக்கும் சான் அன்டோனியோவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 25 அடி டிரெய்லருக்கு அதுதான் முதல் பயணம். கடைசியில் எதிர் சைட்டுப் பெரியவர் எழுந்து வந்தார். "கையை ஸ்டீயரிங்குக்கு மேலே வைக்காதே, அடியில் வை. டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து" என்றார். அவ்வளவுதான் வித்தை. அடுத்த முறையே உள்ளே போய்விட்டது. இரவு ஃப்ரியோ ஆற்றங்கரையில் ஜூக்பாக்ஸ் பாட்டுக்கு நடந்த நடனத்தில் அதே பெரியவர் தன் மனைவியோடு சுற்றிக்கொண்டிருந்தார். அங்கே கோடைக்காலங்களில் 1940களிலிருந்து அந்த நடனம் நடக்கிறது.

இதெல்லாம் இப்போது நினைவுக்கு வரக் காரணம், மே மாதம் டல்லாஸிலிருந்து வந்த ஒரு போன். என்னைவிடப் பத்து வயது இளைய நண்பர். 33 அடியில் புத்தம் புது டிரெய்லர் வாங்கியிருக்கிறார்.

"அண்ணே, நிறுத்துறதுக்கு நல்ல இடமா நாலு சொல்லுங்க. ஃபுல் ஹூக்கப் இருக்கணும், அதுதான் முக்கியம்."

விஷயம் தெரியாதவர்களுக்காக: குடிதண்ணீர்க் குழாய், கரண்ட், கழிவுநீர்க் குழாய் மூன்றும் சைட்டிலேயே இருந்தால் அது ஃபுல் ஹூக்கப். இல்லாவிட்டால் வண்டியில் இருக்கும் மூன்று தொட்டிகளை நம்பித்தான் பிழைப்பு. நல்ல தண்ணீருக்கு ஒன்று. குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு கிரே டேங்க். கழிவறைக்கு பிளாக் டேங்க். காலி செய்யும்போது முதலில் பிளாக், பிறகுதான் கிரே. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிவிடும். வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டுக்கொண்டே இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

"ஹூக்கப் இருக்கட்டும், முதல்ல நீளத்தைப் பாரு தம்பி" என்றேன். கிராண்ட் கேன்யன் தென்விளிம்பிலுள்ள மேதர் முகாமில் 30 அடிக்கு மேல் விடமாட்டார்கள். கிளேசியர் பூங்காவின் புகழ்பெற்ற மலைச்சாலையில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டி மேலே ஏற முடியாது. எங்கள் பக்கத்து பிக் பெண்டில் சீசோஸ் மலைக்கு 20 அடிக்கு மேற்பட்ட டிரெய்லரை இழுத்து வராதீர்கள் என்கிறார்கள். வண்டி நீள நீள நாடு சுருங்கும். இதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை.

ஃபுல் ஹூக்கப் கேட்டவருக்கு அதுவும் சொல்லத்தான் செய்தேன். யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் என்றொரு முகாம். கரடி நடமாட்டம் அதிகம்; துணிக் கூடாரத்துக்கு அங்கே அனுமதியே கிடையாது, கெட்டிச் சுவருள்ள வண்டிகளுக்கு மட்டும்தான் இடம். டிரெய்லர்காரனுக்கு அதைவிட மரியாதை எங்கே கிடைக்கும்? ஆனால் என் மனதுக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் அந்தப் பட்டியல் வேறு. அதில் ஹூக்கப் உள்ள இடம் ஒன்றுகூட இல்லை. அப்படி ஆனதற்குக் காரணம் பிக் பெண்டில் கழித்த ஒரு டிசம்பர்.

ரியோ கிராண்டே வில்லேஜ் என்ற இடத்தில் முகாம்கள் இரண்டு. ஒன்று 25 வண்டிகளுக்கு ஃபுல் ஹூக்கப் கொடுக்கும் தார்த்தளம். இன்னொன்று சற்றுத் தள்ளி, காட்டன்வுட் மரங்களுக்கு நடுவே. 100 சைட், ஒன்றிலும் கரண்ட் கிடையாது. நாங்கள் முதல் ரகத்தில் நிறுத்தினோம். காலையில் குளிருக்கு ரூம் ஹீட்டர், பாலுக்கு மைக்ரோவேவ், சட்னிக்கு மிக்ஸி. எங்கள் வண்டிக்கு 30 ஆம்ப், அதாவது 3,600 வாட்; மூன்றும் சேர்ந்ததும் டப்பென்று டிரிப். அதைச் சரிசெய்து, மகள் டேப்லட்டில் படம் பார்க்க, நான் லேப்டாப்பைத் திறக்க, மதியம் ஆகிவிட்டது. ஏழு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, சான் அன்டோனியோவில் என்ன செய்வோமோ அதையே செய்துகொண்டிருந்தோம்.

1969 ஜூலையில் நிலவிலிருந்து திரும்பிய ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரையும் நோய்க்கிருமி பயத்தில் எங்கே அடைத்தார்கள் தெரியுமா? மாற்றியமைத்த ஓர் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லருக்குள். ஹார்னெட் கப்பலில் வைத்து அதிபர் நிக்சன் ஜன்னல் கண்ணாடி வழியாகத்தான் அவர்களோடு பேசினார். அவர்களுக்கு வேறு வழியில்லை. எங்களை யார் அடைத்து வைத்தது?

சாயங்காலம் மரங்கள் இருந்த பக்கம் நடந்து போனோம். ஜெனரேட்டர் போடக்கூடாத பகுதி ஒன்று உண்டு. அங்கே ஒரு மேசையில் சிவப்பு விளக்கை வைத்து நான்கு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மேலே எங்கோ கிளையில் ஆந்தை. ரொம்ப நேரமாக எங்கள் காதில் விழாமலிருந்தது ஆந்தையல்ல, அமைதி. ரத்தாகிக் காலியான சைட் ஒன்று கிடைத்தது, மறுநாளே மாறிவிட்டோம். அன்றிரவு கேஸ் ஹீட்டரின் விசிறி பேட்டரியைக் குடித்துத் தீர்த்ததும், விடியற்காலையில் மூவரும் ஒரே கட்டிலில் நடுங்கியதும் உண்மை. ஆனால் மகள் அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் அந்த விடியலிலிருந்துதான் தொடங்கும். எட்டு மணிக்கு ஆற்றோர வெந்நீர் ஊற்றில் கழுத்துவரை முங்கிக் கிடந்தோம். தண்ணீர் ஏறக்குறைய 40 டிகிரி. கைக்கெட்டும் தூரத்தில் ஓடும் ரியோ கிராண்டே பனிக்கட்டி மாதிரி. அக்கரை மெக்சிகோ.

இப்படிக் குழாயும் வயரும் இல்லாமல் தங்குவதை இங்கே பூண்டாக்கிங் என்பார்கள். மலை என்று பொருள்படும் பிலிப்பைன்ஸ் சொல்லான 'புந்தோக்'கை அமெரிக்கச் சிப்பாய்கள் கொண்டுவந்து சேர்த்தது. அடுத்து அதற்காகவே போனது பாட்ரே தீவு, கார்பஸ் கிறிஸ்டி பக்கத்தில். கடற்கரை மணலே சாலை. முதல் ஐந்து மைல் சாதாரண வண்டியே போகும். பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம், முன்பதிவு இல்லை. வண்டிக்கு வலப்புறம் மணல்மேடு, இடப்புறம் அலை, நடுவில் நாம்.

அங்கேதான் தண்ணீர்க் கணக்கு படித்தோம். எங்கள் தொட்டி 40 காலன், அதாவது 150 லிட்டர். முதல் முறை ஒன்றரை நாளில் காலி. ஷவரில் வெந்நீர் வருவதற்குள் ஓடி வீணாவதே ஒரு வாளி. இரண்டாம் முறை மனைவி பொறுப்பெடுத்துக்கொண்டாள். மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடம் வரிசையில் வைத்து வளர்ந்த மெட்ராஸ்காரி. ஷவருக்குத் தடை, பக்கெட்டும் சொம்பும். எண்ணெய்ப் பாத்திரத்தை முதலில் பேப்பரால் துடைக்க வேண்டும், பிறகுதான் தண்ணீர். காய் கழுவிய தண்ணீர் கால் மணல் கழுவ. கஞ்சி வடிப்பது கூடாது, குக்கர்தான். அதே 150 லிட்டர் நான்கு நாள் வந்தது. இந்த நாட்டில் இத்தனை வருஷத்தில் எங்கும் செலவாகாத அவளது படிப்பு அங்கே செலவானது.

ஜூனில் போனால் விடியற்காலையில் ஆமைக்குஞ்சு விடுவதைப் பார்க்கலாம். கெம்ப்ஸ் ரிட்லி என்கிற ஆமை. பெசன்ட் நகர் மணலில் முட்டையிடும் நம்முடைய பங்குனி ஆமைக்கு ஒன்றுவிட்ட தங்கை. அக்கா இரவில் கரையேறுவாள், இவள் பட்டப்பகலில். அழிவின் விளிம்பில் இருந்த இனத்தை மீட்க 1978இல் மெக்சிகோவிலிருந்து முட்டைகளைக் கொண்டுவந்து இங்கே ஒரு கூட்டத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். உள்ளங்கையளவுகூட இல்லாத குஞ்சுகள் அலையைப் பார்த்துத் தத்தித் தத்திப் போகும்போது, முந்தின இரவு வியர்வையில் தூங்காத கோபமெல்லாம் போய்விடும்.

தண்ணீர்க்கணக்கு பாட்ரேயில் என்றால் வெளிச்சக்கணக்கு டேவிஸ் மலையில். பக்கத்து உச்சியில் மெக்டொனால்ட் வானாய்வுக்கூடம். டெக்சாஸ் வங்கிக்காரர் ஒருவர் எழுதிவைத்த சொத்தில் எழுந்தது. 1939இல் 82 அங்குலத் தொலைநோக்கி அங்கே கண் திறந்தபோது அதை நடத்தியது சிகாகோ பல்கலைக்கழகம். நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் வேலை பார்த்த அதே பல்கலைக்கழகம். வானம் இருட்டாகவே இருக்கவேண்டும் என்பதற்காகச் சுற்றுவட்டாரத் தெருவிளக்குகளுக்குக்கூடச் சட்டம் உண்டு. நாங்களோ போன கையோடு பந்தலுக்கடியில் நீல எல்.இ.டி. சரத்தை எரியவிட்டு உட்கார்ந்தோம். பக்கத்து சைட் பெண்மணி வந்து, "அதை அணைத்தால் நம் இரண்டு பேருக்கும் வானம் கிடைக்கும்" என்றார். கூசிப்போய் அணைத்தேன். இருபது நிமிடத்தில் பால்வெளி வந்தது. அந்தச் சரத்தை அதற்குப் பிறகு மாட்டவே இல்லை.

கடைசியாக, அரிசோனாவின் குவார்ட்ஸைட். எங்கள் ஊர் வழியாகப் போகும் ஐ-10 நெடுஞ்சாலையையே பிடித்து ஆயிரம் மைலுக்கு மேல் மேற்கே போனால் வரும் பாலைவன ஊர். நாங்கள் போனபோது 180 டாலர் கட்டினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் அரசு நிலத்தில் தங்கலாம். கோடு கிழித்த சைட் கிடையாது, சரளைக்கல்லும் புதரும்தான். கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பனிக்குத் தப்பி வருகிற ஓய்வூதியக்காரர்களின் கூரையெல்லாம் சோலார் பலகை. தண்ணீருக்கு ஒரு பொதுக்குழாய், கழிவுக்கு ஒரு பொதுக்குழி. குழாயடி என்றால் குழாயடிதான்; யாருக்கு முழங்கால் வலி, யார் பேரனுக்குக் கல்யாணம் எல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சின்னப் பிரமிடு, உச்சியில் உலோக ஒட்டகம். ஹாஜி அலியின் சமாதி. 1856இல் அமெரிக்க ராணுவம் பாலைவனப் போக்குவரத்துக்கென ஒட்டகங்களைக் கப்பலில் டெக்சாஸ் கரைக்குக் கொண்டுவந்தது. அவற்றோடு வந்த பாகர்களில் ஒருவர் இவர். வாயில் நுழையாத பெயரை உள்ளூர்க்காரர்கள் 'ஹை ஜாலி' ஆக்கிவிட்டார்கள். அந்த ஒட்டகங்கள் எங்கள் சான் அன்டோனியோ வழியாகத்தான் நடந்து கேம்ப் வெர்டே முகாமுக்குப் போயின. அடுத்த ஆண்டு அவற்றில் 25 கலிபோர்னியாவை நோக்கிக் கிளம்பின. திட்டம் படுத்துவிட்டது. ஹாஜி அலி இங்கேயே தங்கி 1902இல் இறந்தார்.

ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீரல்ல, கொழுப்புதான். தண்ணீரைத் தேக்கி வைத்து அது பிழைக்கவில்லை; இருப்பதைச் சிந்தாமல் பிழைக்கிறது. பிரமிடுக்கு முன்னால் நின்று மனைவியைப் பார்த்தேன். "என்ன, என்னையும் ஒட்டகத்தையும் சேர்த்துப் பார்க்கிறீங்களா?" என்றாள்.

இவ்வளவையும் நண்பரிடம் சொல்லி முடித்ததும் அவர் பொறுமையாக, "சரிண்ணே, ஹூக்கப் இருக்கிறது எது?" என்றார். விட்டுவிட்டேன்.

நவம்பரில் நன்றி நாள் விடுமுறை வந்தது. ஹூக்கப் உள்ள இடமெல்லாம் ஆறு மாதம் முன்னாலேயே போய்விட்டிருந்தது. வேறு வழியில்லாமல் பாட்ரே தீவுக்குக் கிளம்பினார். மூன்றாம் நாள் காலை போன்.

"அண்ணே, தண்ணி முடியப் போகுது."

"பதறாதே. மலக்கீட் முகாம் பக்கத்துல குழாய் இருக்கு. டிரெய்லரை இழுத்துட்டுப் போய்..."

"குழாய் இருக்கிறது தெரியும்ணே. இழுத்துட்டுப் போனா இந்த இடம் போயிடும். பிள்ளைங்க இன்னும் ரெண்டு நாள் இங்கேயே இருக்கணும்னு அடம் பிடிக்குதுங்க. இருக்கிற எட்டு காலனை வச்சு எப்படி ஓட்டுறது?"

போனை மனைவியிடம் கொடுத்தேன். அவள் விவரம் எதுவும் கேட்கவில்லை.

"முதல்ல அந்த இட்லிப் பாத்திரத்தைத் தூக்கி உள்ள வைக்கச் சொல்லுங்க. ரெண்டு நாளைக்கும் உப்புமாதான்."