எளிய உணவு — எவருக்கு எளிது?

"வீட்டிலேயே எளிதாகச் செய்யலாம் மரக்கறி உணவு!" — ஏட்டைப் புரட்டினால் இந்தத் தலைப்பு, தொலைக்காட்சியைத் திறந்தால் இந்தப் பேச்சு, கைப்பேசியைத் தொட்டால் இந்தக் காட்சி! பத்து நிமிடத்திலே குழம்பு, கால் மணியிலே கூட்டு, அரை மணியிலே விருந்து என்கிறார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அந்தக் குறிப்புகள் யாரைப் பார்த்துப் பேசுகின்றன? பெண்ணை! பெண்ணை மட்டுமே! கணவர் விரும்பி உண்பார், குழந்தைகள் மிச்சம் வைக்கமாட்டார்கள் என்று முடிகின்றன அவை. சமைத்தவள் என்ன உண்டாள், எப்போது உண்டாள் என்று கேட்பார் இல்லை. எனவேதான் நாம் கேட்கிறோம்: எளிய உணவு — எவருக்கு எளிது?

கற்பனையாகப் பேசவில்லை நாம், கணக்குக் காட்டுகிறோம். இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டிலே நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு கூறுகிறது: கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண், நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்கே செலவிடுகிறாள். ஆணோ 97 நிமிடம்! அந்த ஆண்களும் நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களோ 81 பேர். அம்மி போயிற்று, அரவைப்பொறி வந்தது. விறகு போயிற்று, எரிவாயு வந்தது. புகை போயிற்று, பெண்ணின் பொழுதைத் தின்னும் பகை மட்டும் போகவில்லை!

ஏன் போகவில்லை? "சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், அப்பளம், மோர் இல்லாமல் ஒரு சாப்பாடா?" என்று கேட்கிறாரே குடும்பத் தலைவர், அவரைக் கேளுங்கள்! விருந்து நாளுக்கு வகுத்த பட்டியல் அன்றாட விதியாயிற்று. விதி பெண்ணுக்குத் தண்டனையாயிற்று. மூன்று நாள் "அடுக்களைக்குள் நுழையாதே!" என்று அவளை விலக்கி வைத்த சமுதாயம், எஞ்சிய நாளெல்லாம் "அடுக்களையை விட்டு வெளியே வராதே!" என்கிறது. தீட்டும் அவளுக்கே, தீயும் அவளுக்கே!

"ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாதே" என்று சிலர் கைவிரிப்பர். அப்படியா? திருமண வீட்டிலே அண்டா கிளறுபவர் யார்? உணவு விடுதியிலே கரண்டி பிடிப்பவர் யார்? நளபாகம் என்றும் பீமபாகம் என்றும் புராணம் புகழ்ந்ததே, அவர்கள் பெண்களா? கூலி கிடைக்கும் இடத்தில் சமையல் ஆணின் கலை. கூலி இல்லாத இடத்தில் அது பெண்ணின் கடமை! இதுதான் சூழ்ச்சி.

இந்தச் சூழ்ச்சியின் விளைவு, பெண்ணின் இரத்தத்திலேயே தெரிகிறது. 2019–21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். காரணங்கள் பல உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் சட்டியின் அடியை வழித்து உண்ணும் பழக்கம் அந்தக் காரணங்களில் ஒன்றல்ல என்று சொல்லும் துணிவு எவருக்கு உண்டு?

மாற்று வழி என்ன? உண்மையிலேயே எளிய உணவு! இரண்டு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் பாசிப்பருப்பு. கழுவி, குக்கரில் இட்டு, எட்டு டம்ளர் நீர் ஊற்றுக. இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை, பத்துப் பல் பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சள், உப்பு சேர்த்து மூடுக. நான்கு விசில். இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிக. நால்வருக்கு வயிறு நிறையும். கழுவ வேண்டிய பாத்திரம் ஒன்றே!

இது ஏழையின் ஏனோதானோ உணவன்று. அரிசிப் புரதத்திலே குறையும் லைசினைப் பருப்பு தருகிறது. பருப்பிலே குறையும் மெத்தியோனினை அரிசி தருகிறது. கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க எலுமிச்சையின் உயிர்ச்சத்து சி துணை நிற்கிறது. உண்டவுடன் காப்பி குடித்து அந்தப் பயனைக் கெடுக்காதிருந்தால் போதும். மறுநாள் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும்; அடுத்த நாள் தயிர்ச்சோறும் சுண்டலும். கேழ்வரகு நூறு கிராமிலே 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியிலே அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஒரு வகை உணவு போதுமா என்று ஐயுறுவோர், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையிலே தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தைப் பார்க்கட்டும். உப்புமா, கிச்சடி, பொங்கல், உடன் காய்கறிச் சாம்பார் — பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிமாறப்பட்டவை இவைதாம். பிள்ளையின் பசிக்குப் போதுமானது பெரியவரின் பந்திக்கு மட்டும் போதாதோ?

ஒன்றைத் தெளிவாக்குகிறோம். மரக்கறியை நாம் பேசுவது, அதை உண்பவன் உயர்ந்தவன், மீனும் இறைச்சியும் உண்பவன் தாழ்ந்தவன் என்பதற்காக அன்று. அந்த ஆணவத்தை நாம் அறிவோம். அதற்கு இலை போடமாட்டோம். மீன் உண்ணும் வீட்டிலும் வாரத்தில் பல நாள் பருப்பும் கீரையும்தான். விலை குறைவு, விரைவு, உடலுக்கு வலு — அவ்வளவே. தட்டிலே இருப்பது உணவு. அதில் சாதியைத் தேடுபவன் பசியறியாதவன்.

ஆடவர்களே! சீர்திருத்தம் பேசுகிறீர்கள், மேடையிலே, மகிழ்கிறோம். அந்த மேடைக்கும் உங்கள் வீட்டு அடுக்களைக்கும் எத்தனை அடி தூரம்? இன்றிரவு அதைக் கடந்து பாருங்கள். அரிசியைக் களைபவர் நீங்களாக இருங்கள். கீரையை ஆய்பவன் உங்கள் மகனாக இருக்கட்டும். நால்வருக்கும் ஒரே நேரத்தில் தட்டு வையுங்கள். அவளையும் உட்கார வைத்துச் சுடச்சுடப் பரிமாறுங்கள்.

அன்றுதான் அது எளிய உணவு. அதுவரை, அது அவளுடைய உழைப்பிலே நாம் உண்ணும் கடன் சோறு!