ஜன்னலோரம் ஒரு நாற்காலி

என் பாட்டி இறந்த அன்று காலை, நாளிதழில் மரண அறிவிப்பு கொடுக்க ஒரு படம் தேவைப்பட்டது. வீட்டில் அப்போது ஒன்பது கைப்பேசிகள் இருந்தன. அத்தை, சித்தப்பா பிள்ளைகள், என் தம்பி என்று ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தேடினோம். பாட்டி எல்லாவற்றிலும் இருந்தார். தீபாவளிப் படத்தில் முறுக்குத் தட்டுக்குப் பின்னால், கல்யாணப் படத்தில் மூன்றாவது வரிசையில், பிறந்தநாள் படத்தில் பலூனுக்கு மறைவில் பாதி முகமாக. ஆனால் பாட்டி மட்டும் இருக்கிற, முகம் தெளிவாகத் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை.

கடைசியில் கல்யாணக் குழுப்படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினோம். தோளில் யாரோ ஒருவருடைய கை ஒட்டிக்கொண்டிருந்தது. போட்டோ கடைக்காரர் கையை அழித்துவிட்டு, பின்னால் நீல வானம் வைத்துக் கொடுத்தார். இன்றும் எங்கள் வீட்டு வரவேற்பறையில் அந்தப் படம்தான் மாலையோடு தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வேறு யாரையோ பார்ப்பது போலவே இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஒரு கேமரா கடைக்குப் போனேன். லென்ஸோடு சேர்த்து ஏழாயிரம் வெள்ளிக்கு மேல் விலை சொன்னார்கள். வானொலி அறிவிப்பாளரின் சம்பளம் உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சிரித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வீடு திரும்பும் வழியில் பழைய விஷயம் ஒன்று ஞாபகம் வந்தது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது சில நாள்கள் வீட்டிலிருந்தே நிகழ்ச்சி பதிவு செய்தேன். நண்பரிடம் இரவல் வாங்கிய விலை உயர்ந்த மைக்கை வரவேற்பறை மேசையில் வைத்துப் பேசினால், குளியலறையில் பேசுவது போல் எதிரொலித்தது. பிறகு கைப்பேசியோடு வந்த சாதாரண மைக்கை எடுத்துக்கொண்டு, துணி அலமாரிக்குள் தலையை விட்டுப் பேசிப் பார்த்தேன். அம்மாவின் சேலைகளும் போர்வைகளும் எதிரொலியைக் குடித்துவிட்டன. குரல் சுத்தமாக வந்தது. மைக்கைவிட அறை முக்கியம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

படம் எடுப்பதிலும் அதே கதைதான். கேமராவைவிட வெளிச்சம் முக்கியம். அதன் பிறகு கையிலிருந்த கைப்பேசியை வைத்தே பழகத் தொடங்கினேன். தப்புத் தப்பாக எடுத்துக் கற்றுக்கொண்டவற்றை உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் துடையுங்கள்

சிரிக்காதீர்கள். கைப்பேசியின் லென்ஸ் நாள் முழுக்க நம் விரல், சட்டைப்பை, சமையலறை எண்ணெய் எல்லாவற்றோடும் உரசுகிறது. அதன் மேல் படிந்த பிசுக்கு, விளக்குகளைச் சுற்றிப் புகை போட்டது மாதிரி காட்டும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். புதுக் கைப்பேசி வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் மனம் மாறிவிடுவார்கள்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. அந்த நேரத்தில் வெளியில் நிற்க வைத்து எடுத்தால் கண்குழியும் மூக்கின் கீழும் கறுத்துப்போகும்; இருபது வயதுக்காரரும் நோயாளி போல் தெரிவார். காலையில் சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரமும், மாலையில் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும்தான் முகத்துக்கு இதமானவை. அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் நிழலுக்குப் போங்கள். கடைவீடுகளின் முன்னால் இருக்கிற ஐந்தடி நடைபாதை அருமையான இடம். மேலே கூரை வெயிலை மறைக்கும். பக்கத்திலிருந்து வெளிச்சம் மெத்தென்று வரும்.

வீட்டுக்குள் என்றால், ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு நாற்காலி போடுங்கள். உட்காருபவரின் முதுகு ஜன்னலைப் பார்க்கக் கூடாது. முகம் சற்றே ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கட்டும். கூரையில் எரியும் விளக்கை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்துக்கும் விளக்கு வெளிச்சத்துக்கும் நிறம் வேறு, இரண்டும் கலந்தால் தோலின் நிறம் கெட்டுவிடும். முகத்தின் மறுபாதி ரொம்பவும் இருட்டாக இருந்தால், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரைவதற்குக் கொடுப்பார்களே, அந்த மாஜோங் தாள் ஒன்றை இருட்டுப் பக்கம் யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வந்து முகத்தை நிரப்பும். ஃபிளாஷ் வேண்டாம். அது முகத்தைத் தட்டையாக்கி, நெற்றியில் எண்ணெய் வடிவது போல் காட்டும்.

எடுப்பதற்கு முன் திரையில் அவர் முகத்தைத் தொடுங்கள். கேமரா அந்த இடத்துக்கு வெளிச்சத்தைக் கணக்கிடும். இன்னும் பிரகாசம் கூடுதலாக இருந்தால் பல கைப்பேசிகளில் அங்கேயே விரலைக் கீழே இழுத்துக் குறைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு தூரத்தில் நிற்பது?

என் முதல் படங்களில் அப்பாவின் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் வந்தன. கைப்பேசியைக் குறை சொன்னேன். உண்மையில் தப்பு, நான் நின்ற தூரம். முகத்துக்கு மிக அருகில் போனால், அருகில் இருக்கிற மூக்கு பெரிதாகத்தான் தெரியும். ஒன்றரை மீட்டராவது தள்ளி நில்லுங்கள். உங்கள் கைப்பேசியில் இரண்டு மடங்கு காட்டும் தனி லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் அப்படியே எடுத்துவிட்டு, சுற்றியிருப்பதைப் பிறகு கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம். 4ஆர் அளவில் தெளிவாக அச்சிட இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தாலே போதும். இன்றைய சாதாரணக் கைப்பேசிகளிலும் அதைப்போல் பல மடங்கு இருக்கிறது.

ஆனால் தூரத்து ஆளை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்காதீர்கள். அது பெரும்பாலும் படத்தின் ஒரு துண்டை வெட்டி ஊதிக் காட்டுவதுதான். பாட்டியின் முகத்துக்கு நாங்கள் செய்த அதே வேலை. முடிந்தவரை நடந்து கிட்டே போங்கள்.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோனை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1948 ஜனவரி 30 அன்று, காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்துப் படம் எடுத்தவர். அவரது லைக்கா மலிவான கேமரா அல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தன் படங்களில் பெரும்பகுதியை 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைக்கொண்டே எடுத்தார். ஃபிளாஷ் அவருக்கு ஆகாது. லென்ஸை மாற்றுவதற்குப் பதிலாகக் காலை நகர்த்தினார்.

கைப்பேசியால் ஆகாதவை

எல்லாம் ஆகும் என்று பொய் சொல்ல மாட்டேன். இருட்டு மேடையில் சுழன்றாடும் அரங்கேற்றம், திடலின் அந்தக் கோடியில் ஓடும் பந்து, மரத்தின் உச்சியில் இருக்கும் பறவை இவற்றுக்குப் பெரிய கேமராதான் சரி. பத்துமலையில் தைப்பூச இரவில் காவடிகளை எடுக்க முயன்று தோற்றிருக்கிறேன். கைப்பேசியின் இரவு முறை பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அதற்குள் காவடி நகர்ந்துவிடும், கலங்கிவிடும். விடியும்வரை காத்திருந்து, 272 படிகளின் அடிவாரத்தில் நின்று எடுத்தபோதுதான் முகங்கள் கிடைத்தன.

‘சிரிங்க’ என்று சொல்லாதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்படி ஜன்னலோரம் நாற்காலி போட்டு அப்பாவை உட்கார வைத்தேன். பின்னால் தொங்கிய நாட்காட்டியையும் காய்ந்துகொண்டிருந்த துண்டையும் எடுத்தேன். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எதுக்கும்மா இப்ப? பேப்பர்ல போடவா?”

தம்பி திரும்பிக்கொண்டான். எனக்கும் பதில் வரவில்லை. பொய் சொல்லவும் முடியவில்லை. அதற்காகவும்தானே இந்த நாற்காலி?

வானொலியில் பேட்டிக்கு வருகிறவர் பதற்றமாக இருந்தால், பட்டியலில் இருக்கும் கேள்வியை விட்டுவிட்டு அவருக்குப் பிடித்த ஏதாவதைக் கேட்போம். நானும் கேட்டேன். “அப்பா, சின்ன வயசுல பாட்டியோட பால்மரம் வெட்டப் போனீங்களே, எத்தனை மணிக்கு எழுப்புவாங்க?”

அப்பா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். விடியுமுன் எழுந்தது, பாட்டி முன்னால் விளக்கோடு நடந்தது, இவர் பின்னால் மங்கு துடைத்துக்கொண்டே போனது, மழை வந்தால் பள்ளிக்குப் போகலாம் என்று வானத்தைப் பார்த்தது. கை ஆடியது, புருவம் ஏறியது. பாட்டி சொன்ன ஏதோ கெட்ட வார்த்தை ஞாபகம் வந்து சிரித்தார். நான் பேசாமல் எடுத்துக்கொண்டே இருந்தேன். நாற்பது படங்களில் ஒன்று கிடைத்தது.

அதைக் கைப்பேசியிலேயே விட்டுவைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும் என்பதால், கடைக்காரருக்கு டாக்குமென்ட்டாக அனுப்பி 4ஆர் அளவில் இரண்டு பிரதி போட்டேன். இரண்டுக்கும் சேர்த்தே ஒரு தே தாரிக் விலைக்குள் முடிந்தது.

இன்று உங்கள் வீட்டிலும் ஒரு நாற்காலி இருக்கும், ஒரு ஜன்னல் இருக்கும். வீட்டில் மூத்தவர் யாரோ அவரை உட்கார வைத்து, அவருக்குப் பிடித்ததைக் கேட்டுப் பாருங்கள். இந்த வாரத்துக்குள் அச்சும் போட்டுவிடுங்கள்.

அப்பா அந்தப் படத்தைக் கையில் வாங்கி, தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“பரவாயில்ல. மூக்கு இந்தத் தடவை சரியா வந்திருக்கு” என்றார்.