கருவியையும் கற்போம்

கணிப்பொறி மொழியொன்றைக் கற்க விரும்பும் நாம் முதலில் நாடுவது பாடநூலைத்தான். அதிலுள்ள நிரலைப் பார்த்தெழுதி, ரெக்கார்டு நோட்டில் கையொப்பம் வாங்கி, செய்முறைத் தேர்வில் மதிப்பெண்ணும் பெற்றுவிட்டால் மொழி வந்துவிட்டதென எண்ணிவிடுகிறோம். உண்மையில் வந்துவிட்டதா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் பெரியோர். மொழியோடு, நிரலை உருவாக்கித் தரும் கருவியையும் முதல் நாளே கற்பிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

ரஸ்ட் என்னும் மொழியை எடுத்துக்கொள்வோம். 2006-இல் கிரேடன் ஹோர் என்பவர் தம் சொந்த முயற்சியாகத் தொடங்கியது இது. பின்னர் மொசில்லா ஆதரவளித்தது. 2015 மே 15-இல் முதல் நிலையான பதிப்பு வெளிவந்தது. இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், காசின்றிப் பயன்படுத்தலாம். தேர்வுக் கட்டணத்திற்கே பெற்றோர் அல்லலுறும் நம் போன்றோர்க்கு இது சிறிய செய்தியா?

இம்மொழியை நிறுவும்போதே 'கார்கோ' என்னும் கருவியும் உடன் வருகிறது. 'கார்கோ நியூ' என்று ஆணையிட்டு ஒரு பெயரும் தந்தால், அப்பெயரில் ஒரு கோப்புறையும், அதனுள் ஒரு சிறு நிரலும், விவரக் கோப்பும் உண்டாகின்றன. 'கார்கோ ரன்' என்றால் நிரல் ஓடுகிறது. பிறர் எழுதிய நிரல்தொகுதி வேண்டுமா? அதன் பெயரையும் பதிப்பையும் விவரக் கோப்பில் குறித்தால், கார்கோவே இணையத்திலிருந்து கொண்டுவந்து சேர்க்கும். சேர்த்த பதிப்பு எதுவென்று 'கார்கோ.லாக்' கோப்பில் எழுதியும் வைக்கும். ஆகவே ஆய்வுக்கூடத்தில் எழுதிய நிரலை, நண்பரின் கணிப்பொறியிலும் அதே பதிப்புகளோடு உருவாக்கலாம்.

"மொழியே கடினம், கருவி வேறா?" என்று கேட்பாருண்டு. ரஸ்ட் எளிய மொழியன்று என்பது மெய்யே. ஆனால் அதன் கம்பைலர், பிழை எந்த வரியில், ஏன் என்று கூறுகிறது; பல வேளைகளில் திருத்தும் வழியையும் காட்டுகிறது. அச்செய்தி ஆங்கிலத்தில் வருவது தமிழ்வழியில் பயின்றோர்க்கு இடர்தான். எனினும் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சிலவே. பேராசிரியப் பெருமக்கள் அவற்றைத் தமிழில் விளக்கிவிட்டால், ஆசிரியர் அருகில்லாத நேரத்திலும் மாணவர் தாமே முன்னேறுவர்.

ரெக்கார்டு நோட்டுக்கு அளிக்கும் மதிப்பெண்ணில் ஒரு பங்கை, மாணவர் தாமே தொடங்கி, வேறொரு கணிப்பொறியிலும் ஓட்டிக் காட்டும் நிரலுக்கு அளிக்கலாகாதா? அன்றுதான் மனப்பாடம் விலகும், கை பழகும்.