வீடு இருண்டால் கணினிதான் குற்றவாளியா?

விளையாட்டுக் கணினி இருக்கும் வீட்டில் ஒருமுறை மின்சாரம் துண்டிக்கப்பட்டால் போதும், விசாரணையே நடக்காது, நேரே தீர்ப்புதான். “அந்தப் பெட்டிதான் எல்லாக் கரண்டையும் இழுக்குது!” உள்ளே வண்ண விளக்குகள் மின்னுவதும் மூன்று விசிறிகள் இரைவதும் சந்தேகத்துக்கு வலு சேர்க்கின்றன. போதாக்குறைக்கு அதன் பவர் சப்ளையில் ‘850 வாட்’ என்று கொட்டை எழுத்தில் வேறு எழுதியிருக்கும்.

அந்த 850 வாட், கணினி இழுக்கும் அளவு அல்ல. தேவைப்பட்டால் அவ்வளவு வரை கொடுக்க முடியும் என்று பவர் சப்ளை சொல்லும் உச்சவரம்பு. ஐந்து டன் ஏற்றக்கூடிய லாரி தினமும் ஐந்து டன்னுடனா ஓடுகிறது? உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்பதை அளந்து பார்த்துவிடலாம். சுவர் சாக்கெட்டுக்கும் கணினிக்கும் நடுவே செருகும் சிறிய மின் அளவிகள் சந்தையில் கிடைக்கின்றன. 13 ஆம்பியர் தாங்கக்கூடிய, மூன்று முனை பிளக் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் சரி. வாட், ஆம்பியர், வோல்ட், இத்தனை நாளில் இத்தனை யூனிட் என்று எல்லாவற்றையும் அது காட்டிவிடும்.

என் அண்ணன் வீட்டில் அப்படித்தான் அளந்தோம். வீவக ஐந்தறை வீடு. இரண்டு வாரத்தில் மூன்று முறை, மூன்றும் இரவு நேரத்தில், வீடு மொத்தமும் இருண்டுவிட்டது. மூன்று முறையும் மகன் விளையாடிக்கொண்டிருந்தான். கணினியை விற்றுவிட வேண்டும் என்று அண்ணன் முடிவே செய்துவிட்டார். தேசிய சேவைக் காலத்தில் சேர்த்த பணத்தில் பையன் வாங்கிய கணினி அது. “சித்தப்பா, நீங்க வந்து சொல்லுங்க” என்று என்னை அழைத்தான்.

ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் அட்டை பொருத்திய கணினி. அந்த அட்டைக்கு மட்டும் 320 வாட் என்று தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். அளவியைச் செருகிப் பார்த்தபோது, சும்மா இருக்கையில் 85 வாட். படம் பார்க்கும்போது நூற்றுச் சொச்சம். கனமான விளையாட்டில் 480 முதல் 510 வரை. உள்ளே இருக்கும் பாகங்கள் சுமார் 450 வாட்தான் பயன்படுத்துகின்றன. மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக மாற்றும்போது பவர் சப்ளையிலேயே பத்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது. கட்டணத்தில் ஏறுவது சுவரில் இழுக்கும் 500தான்.

நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 500 வாட்டை 230ஆல் வகுத்தால் 2.2 ஆம்பியர்கூட வரவில்லை. அந்த அறையின் சாக்கெட்டுகளுக்கான பிரேக்கர் 20 ஆம்பியர், அதாவது 4,600 வாட் தாங்கும். கணினி அதில் ஒன்பதில் ஒரு பங்கு. சமையலறையில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் இதைப்போல் நான்கு மடங்கு இழுக்கிறது. அதை யாரும் விற்கச் சொல்வதில்லை!

இணையக் காணொளிகளைப் பார்த்து இந்த விஷயத்தில் குழம்புவோர் நிறைய. அவற்றில் பல அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அங்கே 120 வோல்ட். அறைகளில் 15 ஆம்பியர் பிரேக்கர் சாதாரணம். மொத்தமே 1,800 வாட்தான். அதே கணினி அங்கே 4 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். கூடவே 1,500 வாட் அறை சூடேற்றியைப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். அவர்கள் சொல்வது அவர்கள் வீட்டுக்குச் சரி.

அண்ணன் விடவில்லை. “கம்ப்யூட்டரை அணைச்சு வச்சா ஒரு பிரச்சினையும் இல்ல, போட்டாத்தான் விழுது. இதுக்கு மேல என்னப்பா ஆதாரம்?” கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: டிபி பெட்டியில் விழுந்தது எந்த சுவிட்ச்?

வரிசையாக இருக்கும் சிறிய சுவிட்சுகள் எம்சிபி. ஒவ்வொன்றும் வீட்டின் ஒரு பகுதிக்கு. சுமை கூடினாலோ ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ அது மட்டும் விழும். மற்ற அறைகளில் விளக்கு எரியும். ‘டி’ என்ற சோதனைப் பொத்தானுடன் இருப்பது ஆர்சிசிபி. இதற்குச் சுமையைப் பற்றிக் கவலையே இல்லை. போன மின்சாரம் முழுதும் திரும்பி வருகிறதா என்று மட்டும் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது எங்கோ நிலத்துக்குக் கசிகிறது, ஒருவேளை ஒரு மனிதர் வழியாக, என்று கொண்டு கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். பல வீடுகளில் மொத்தத்துக்கும் ஒரே ஆர்சிசிபிதான் என்பதால் எல்லாமே இருண்டுவிடும். வீட்டில் விளக்கு எரிய, கணினி மட்டும் திடீரென்று அணைந்தால் கதை வேறு: பவர் சப்ளை தன்னைத் தானே காத்துக்கொள்கிறது.

அண்ணன் வீட்டில் விழுந்தது ஆர்சிசிபி. இதில் மின் அளவி உதவாது. அது கசிவைக் காட்டாது. கணினியும் கொஞ்சம் கசிய விடும் என்பது உண்மைதான். பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி, வேலை செய்யும் விதத்திலேயே ஓரிரு மில்லி ஆம்பியரை எர்த் கம்பிக்கு அனுப்பும். குற்றமில்லை. ஆனால் வீட்டில் உள்ள எல்லாப் பொருள்களின் கசிவும் ஒன்றாகக் கூடும். மேலும் 30 என்று எழுதியிருக்கும் ஆர்சிசிபி, 15ஐத் தாண்டியதிலிருந்தே எங்கு வேண்டுமானாலும் விழலாம். தர விதி அதை அனுமதிக்கிறது.

மூன்று முறையும் விழுந்த நேரத்தைக் கேட்டேன். ஒன்பதரைக்கும் பத்தேகாலுக்கும் இடையில். அண்ணி மாலைப் பணி முடிந்து வந்து குளிக்கும் நேரம் அது. உரிமம் பெற்ற மின்பணியாளரை வரவழைத்தார்கள். கசிவை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பார்த்தார். கணினியையும் சேர்த்து மற்ற எல்லாவற்றுக்கும் 4 மில்லி ஆம்பியர். குளியலறை ஹீட்டருக்கு மட்டும் 19. ஹீட்டர் தனியாக ஓடினால் ஆர்சிசிபி எப்படியோ பொறுத்துக்கொண்டது. கணினியின் ஓரிரண்டும் சேர்ந்தபோது விழுந்தது. கணினியை அணைத்துவிட்டு அண்ணன் நிம்மதியாக இருந்த இரவுகளில், அண்ணி குளித்தது அந்த ஹீட்டர் தண்ணீரில்தான். ஹீட்டரை அன்றே கழற்றிவிட்டார்கள்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்பதற்காகக் கணினியின் மூன்று முனை பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் செருகுவோர் உண்டு. எர்த் அறுந்ததும் கசிவு நின்றதுபோல் இருக்கும். ஆனால் அதன்பின் கணினியின் உலோகப் பெட்டியைத் தொடும் கைதான் எர்த். தயவுசெய்து செய்யாதீர்கள். 1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட வீடுகள் சிலவற்றில் ஆர்சிசிபியே கிடையாது. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளுக்கும் அது கட்டாயம். பொருத்துவதற்கு ஈராண்டு அவகாசமும் தரப்பட்டது. பெற்றோர் பழைய வீட்டில் இருந்தால் இந்த வாரமே டிபி பெட்டியைத் திறந்து பாருங்கள். இருந்தால், கணினியை அணைத்துவிட்டு ‘டி’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.

சரி, கணினி முற்றிலும் நிரபராதியா? கட்டணத்தில் இல்லை. 500 வாட்டில் நாளுக்கு நான்கு மணி நேரம் விளையாடினால் 2 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தாலும் மாதம் 18 வெள்ளி. அந்த 500 வாட்டும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் இறங்குகிறது: மணிக்குச் சுமார் 1,700 பிடியு. படுக்கையறையின் 9,000 பிடியு குளிர்சாதனத்தின் திறனில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கணினியைக் குளிர்விக்கவே போகிறது. விளையாட்டின் அமைப்பில் விநாடிக்கு 144 படம் என்று இருந்ததைப் பையன் 90 ஆகக் குறைத்தான். அளவி 370க்கு இறங்கியது. விளையாட்டில் வித்தியாசமே தெரியவில்லை என்கிறான். மாதம் நாலரை வெள்ளி மிச்சம். குளிர்சாதனத்தில் மிச்சமாவது தனி.